முப்பதைத் தாண்டிப் படிப்பவர்களுக்கும் பிஎச்.டி. செய்பவர்களுக்கும் அரசுப் பணம் எப்படி வருகிறது?

"வயசாகிப் போச்சு, இனிமேல் ஸ்காலர்ஷிப் யார் தரப்போகிறார்கள்?" என்று ஒரு சாரார் விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள். "பிஎச்.டி. சேர்ந்தாலே மாதம் நாற்பதாயிரம் வருமாம்" என்று கேள்விப்பட்டு வேலையை விட்டுவிடுகிறார்கள் இன்னொரு சாரார். மதுரைப் பக்கம் ஆய்வுக்குச் சேர நினைப்பவர்களிடம் இந்த இரண்டு நம்பிக்கைகளையும் அடிக்கடி பார்க்கலாம். இரண்டுமே பாதிதான் உண்மை. வயது வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும். பிஎச்.டி. சேர்ந்ததற்காக மட்டும் யாரும் பணம் தருவதில்லை. பணம் வருமா வராதா என்பதை வயதைவிட முன்னதாகத் தீர்மானிக்கும் கேள்வி வேறு: ஃபுல் டைமா, பார்ட் டைமா?

முதலில் வார்த்தைகளைப் பிரித்துக்கொள்வோம். ஸ்காலர்ஷிப் என்பது கட்டணத்தையும் சிறு பராமரிப்புத் தொகையையும் ஈடுகட்டுவது. பெரும்பாலும் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பார்த்துத் தருவார்கள். ஃபெல்லோஷிப் என்பது முழுநேர ஆய்வாளர் வேறு வேலைக்குப் போகாமல் வாழ்வதற்காக மாதாமாதம் தருவது. அதோடு ஒட்டி வருவது கன்டின்ஜென்சி, அதாவது புத்தகம், ரசாயனம், களப்பணிப் பயணம், அச்சு போன்றவற்றுக்கான ஆண்டுத் தொகை. இதைச் சம்பளம் மாதிரி எடுத்துச் செலவழிக்க முடியாது, பில் காட்ட வேண்டும். கல்விக்கடன் இந்த வரிசையில் சேராது, திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

பகுதிநேரம் என்றால்

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடையூறாக இருக்காது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் எனப்படும் தொடக்கநிலை வகுப்புகளுக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒற்றை வரியில் வாங்கிவந்த என்.ஓ.சி.யைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உசிலம்பட்டியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய நினைப்பவர், விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே இந்தக் கடிதத்துக்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஆனால் பகுதிநேர ஆய்வாளருக்கு மாத ஃபெல்லோஷிப் கிடையாது. ஜே.ஆர்.எஃப். (நெட் தேர்வு வழியாகத் தரப்படும் மத்திய அரசின் இளநிலை ஆய்வு ஃபெல்லோஷிப்), மாநில அரசின் ஆய்வு உதவித்தொகை, ஆதிதிராவிடர் நலத்துறையின் ஊக்கத்தொகை எல்லாமே முழுநேரத்துக்குத்தான். சம்பளம் வருகிற நிலையில் இது நியாயம்தான் என்று சொல்லிவிடலாம். தனியார் கல்லூரியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு அது அவ்வளவு நியாயமாகப் படாது, ஆனாலும் விதி அதுதான். அதனால் முழுநேரத்துக்கு மாறுவதா என்பதை உணர்ச்சிவசப்பட்டு முடிவுசெய்யாமல், கையில் ஃபெல்லோஷிப் ஆணை வந்த பிறகு முடிவுசெய்வதே நல்லது.

காலக்கெடுவும் தெரிந்திருக்கட்டும். பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு, ஆக மொத்தம் 10 ஆண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை எடுக்கலாம். பதிவுக்கு இவ்வளவு காலம் இருந்தாலும், ஃபெல்லோஷிப் பணம் அதிகபட்சம் 5 ஆண்டோடு நின்றுவிடும். ஆறாம் ஆண்டில் எழுதி முடிப்பவர்கள் திண்டாடுவது இதனால்தான்.

ஜே.ஆர்.எஃப்.: பெரிய தொகை, கறாரான வயது

ஜே.ஆர்.எஃப். பெற நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். கலை, சமூக அறிவியல், மொழிப் பாடங்களுக்கு யு.ஜி.சி. நெட். இயற்பியல், வேதியியல், உயிர் அறிவியல், கணிதம் போன்றவற்றுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட். இங்கே யு.ஜி.சி. நெட்டை மட்டும் பார்ப்போம். ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கும். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, எல்லாம் சேர்த்து 3 மணி நேரம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, திருநர் பிரிவினருக்கு 50 போதும். 2024இல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், ஓ.பி.சி.க்கு 600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 325.

2024 ஜூன் சுற்றிலிருந்து முடிவு மூன்று தரமாக வருகிறது. மேல் தரத்துக்கு ஜே.ஆர்.எஃப்.போடு உதவிப் பேராசிரியர் தகுதியும் உண்டு. அடுத்த தரத்துக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும். கடைசித் தரத்துக்குச் சேர்க்கைத் தகுதி மட்டும். இரண்டாவது, மூன்றாவது தரத்துக்கு வயது வரம்பு இல்லை, பணமும் இல்லை. "நெட் பாஸ், பணம் எப்போது வரும்?" என்று கேட்பவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றில் இருப்பவர்கள்தான். அந்த மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை கேட்பதற்கும் ஓராண்டுதான் செல்லும்.

ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது 30. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, திருநர், எல்லாப் பிரிவுப் பெண்கள் ஆகியோருக்கு 5 ஆண்டு தளர்வு, அதாவது 35. பாடம் சார்ந்த ஆய்வு அனுபவத்துக்கும் சான்று காட்டினால் தளர்வு உண்டு. ஆனால் எத்தனை காரணம் இருந்தாலும் மொத்தத் தளர்வு 5 ஆண்டைத் தாண்டாது. பெண் என்று ஐந்து, ஓ.பி.சி. என்று ஐந்து, ஆக நாற்பது என்று கணக்குப் போடக் கூடாது.

வயதை எந்தத் தேதியில் பார்ப்பார்கள்? தேர்வு முடியும் மாதத்தின் முதல் தேதியில். 1991 மார்ச் 14இல் பிறந்த பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 மார்ச் 14இல் அவருக்கு 35 நிறைகிறது. 2025 டிசம்பர் சுற்று அவருக்கு உண்டு, 2026 ஜூன் சுற்று இல்லை. பெயர் டிசம்பர் சுற்று என்றாலும் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போவதும் உண்டு, அப்போது கணக்குத் தேதியும் தள்ளிப்போகும். அறிவிக்கையில் அச்சாகியிருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள்.

பலருக்குத் தெரியாத சாதகமான செய்தி ஒன்று. இந்த வயது வரம்பு தேர்வெழுதும்போது மட்டும்தான். ஆணை வந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் முழுநேர பிஎச்.டி. சேர்ந்தால் போதும். முப்பத்தைந்து நிறைய ஒரு மாதம் இருக்கும்போது தேர்வான ஒருவர் முப்பத்தேழில் சேர்ந்து, நாற்பதைத் தாண்டியும் தொகை வாங்கலாம். ஏற்கெனவே பிஎச்.டி. பதிந்திருப்பவர் தேர்வானால், முடிவு வெளியான நாளா, அவர் சேர்ந்த நாளா, எது பிந்தியதோ அதிலிருந்து கணக்குத் தொடங்கும்.

தொகை: 2023 ஜனவரி 1 முதல் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000. ஐந்து ஆண்டும் முழுதாக வாங்கினால் 8,88,000 கூட்டல் 15,12,000, சரியாக 24 லட்சம். கன்டின்ஜென்சி கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு தலா 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. இதற்கு மேல் ஹெச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகைப்படி உண்டு. அது நகர வகையைப் பொறுத்தது, மதுரை 'ஒய்' வகை. பல்கலைக்கழக விடுதி கிடைத்துவிட்டால் ஹெச்.ஆர்.ஏ. கிடையாது. அறை வாடகையைத் திரும்பப் பெறலாம், ஆனால் மெஸ், மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் உங்கள் பாடு.

இதே தொகை அளவில் தனி ஒதுக்கீட்டுத் திட்டங்களும் உண்டு. எஸ்.சி. ஆய்வாளர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப்பில் ஆண்டுக்கு 2,000 இடம், ஓ.பி.சி.க்கு 1,000, பழங்குடியினருக்கு 750, மாற்றுத்திறனாளிகளுக்கு 200. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு இன்னும் விண்ணப்பிக்கலாம் என்று சுற்றிவரும் வாட்ஸ்அப் செய்திகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

முப்பத்தைந்தும் தாண்டிவிட்டால்

கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. பெற்றோருக்கு ஒரே மகளாக, சகோதரன் இல்லாமல் பிறந்தவர்களுக்கு யு.ஜி.சி.யின் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே ஃபெல்லோஷிப் இருக்கிறது. இரட்டையராகப் பிறந்த மகள்களும் இதில் அடக்கம். பொதுப் பிரிவுக்கு வயது 40, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. தொகை ஜே.ஆர்.எஃப். அளவுதான், நெட் தேர்வு வேண்டாம், முழுநேரப் பதிவு வேண்டும். 100 ரூபாய் முத்திரைத்தாளில் "ஒரே பெண் குழந்தை" என்ற உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அதில் நோட்டரி முத்திரையோடு நிறுத்திக்கொண்டால் நிராகரிக்கப்படலாம், தாசில்தார் நிலைக்குக் குறையாத அதிகாரியின் சான்றொப்பம் தேவை. திருமணமாகிப் பதினைந்து ஆண்டு கழித்து ஆய்வுக்கு வரும் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறில்லை. ஆனால் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அறிவியல், பொறியியல் பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ் பிஎச்.டி. திட்டத்தில் வயது 27 முதல் 45 வரை. சமூக அறிவியலுக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) முனைவர் ஃபெல்லோஷிப்பில் 40, எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. மாதம் 20,000, ஆண்டுக்குக் கன்டின்ஜென்சி 20,000, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. கூட்டினால் 5,20,000. ஜே.ஆர்.எஃப்.போடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனாலும் களப்பணியையும் எழுத்தையும் இரண்டு ஆண்டில் முடிக்கத் திட்டமிட்டிருப்பவருக்கு இது போதும். பிஎச்.டி. பதிவு உறுதியான பின்பே இதற்கு விண்ணப்பிக்க முடியும், தலைப்பு தேடிக்கொண்டிருக்கும்போது அல்ல.

மாநில அரசின் பக்கம்

முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2023 டிசம்பரில் தகுதித் தேர்வு நடத்தியது. அரசுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேரமாகச் செய்பவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 25,000, மூன்றாம் ஆண்டு 28,000. மூன்று ஆண்டுக்கு 9,36,000 வருகிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோருக்கு முழுநேர பிஎச்.டி. ஊக்கத்தொகையாக ஆண்டுக்கு ஒரு லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்வி நிலையம் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். கைடு, துறைத்தலைவர், பதிவாளர் என்று மூன்று கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஒரு பொது விதி எல்லாவற்றுக்கும் உண்டு: ஒரே காலத்துக்கு இரண்டு இடத்தில் வாங்கக் கூடாது. ஃபெல்லோஷிப் வாங்கிக்கொண்டே கௌரவ விரிவுரையாளராகச் சம்பளமும் வாங்கினால், பின்னாளில் கணக்குத் தணிக்கையில் மாட்டி மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

பிஎச்.டி. இல்லாமல், விட்ட படிப்பைத் தொடர்பவர்கள்

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்கும் அதே வரம்பு. இப்போது விண்ணப்பம் உமிஸ் என்ற மாநில அரசின் இணையதளத்தில், கல்லூரி வழியாக. ஆனால் வயது கூடியவர்கள் இங்கே வேறொரு விதியில் தடுக்கி விழுகிறார்கள்: ஒரே நிலையில் இரண்டாவது பட்டத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் கிடையாது. பி.ஏ. முடித்தவர் பி.காம். சேர்ந்தாலும், எம்.ஏ. தமிழ் முடித்தவர் எம்.ஏ. வரலாறு சேர்ந்தாலும் இல்லை. பி.எட். முடித்துவிட்டு எல்.எல்.பி.க்குப் போனாலும் இல்லை.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் அஞ்சல்வழிப் படிப்புக்கும் முதுகலைக்கும் பொருந்தாது. கைத்தொழில் கற்க நினைப்பவர்கள் கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யை விசாரிக்கலாம். ஆண்களுக்கு வயது 40 வரை, பெண்களுக்கு உச்சவரம்பே இல்லை. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாயும் உண்டு. சிக்கந்தர் சாவடியில் இருக்கும் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மண்டல மையத்தில், குறிப்பிட்ட சில படிப்புகளுக்கு எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு, அதுவும் ஒரே ஒரு படிப்புக்கு மட்டும்.

எதிர்காலத்தில் பிஎச்.டி. வரை போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ப்ளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய பட்டம் பின்னால் வேலைக்கும் ஆய்வுக்கும் தடையாகும். பத்து, ப்ளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை உடையக் கூடாது. தாமதமானாலும் தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதிவிட்டுப் போவதே நல்லது.

சான்றிதழ்கள்: பணம் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்

தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று நெட் தேர்வுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும், அதில் 'கிரீமி லேயர் இல்லை', அதாவது வசதி காரணமாக ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் பிரிவில் இல்லை என்பதும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, முதலில் அதைப் பாருங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும்.

இதில் வயது கூடியவர்களுக்கு ஒரு நன்மை. கிரீமி லேயரைப் பார்ப்பது பெற்றோரின் நிலையை வைத்துத்தான். உங்கள் சொந்தச் சம்பளமும் கணவரின் சம்பளமும் அதில் சேராது. கிரீமி லேயருக்கான 8 லட்ச வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும்கூடச் சேராது. ஆனால் பெற்றோரில் ஒருவர் நேரடியாக 'ஏ' பிரிவு அதிகாரியாகப் பணியில் சேர்ந்தவர் என்றால் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கிரீமி லேயர்தான். கணவரின் சம்பளச் சீட்டைக் கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பினால், இந்த விதியைச் சொல்லிப் பெற்றோரின் ஆவணங்களைக் கொடுங்கள்.

அடுத்தது இனிஷியல். பட்டச் சான்றிதழில் அப்பா பெயரின் 'எஸ்', ஆதாரில் கணவர் பெயரின் 'ஆர்', வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. கணினிக்கு இவர்கள் மூன்று ஆள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து மாற்றி, அதன்பின் வங்கிக் கணக்கை அதற்கு ஒத்துப்போக வையுங்கள்.

பணம் வரும் கணக்கு எது? நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு என்று நினைக்கிறீர்கள். ஆதார் வழிப் பணம், என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பட்டுவாடா நிறுவனத்தில் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் போகும். அது கேஸ் மானியத்துக்காக என்றோ திறந்து மறந்துபோன கணக்காக இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன் வங்கியில் இந்த இணைப்பைக் கேட்டுச் சரிபாருங்கள். வெறுமனே ஆதார் எண்ணைக் கணக்கில் சேர்ப்பது வேறு, என்.பி.சி.ஐ. இணைப்பு வேறு.

சேர்ந்த பிறகு மாதாமாதம் நடப்பது

யு.ஜி.சி. பணம் கனரா வங்கி வழியாக வருகிறது. பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' என்ற பெயரில் ஒருவர் உங்கள் விவரத்தைத் தளத்தில் ஏற்றுவார், 'செக்கர்' சரிபார்த்து ஒப்புதல் தருவார். முதலில் சேர்க்கை அறிக்கை, பிறகு ஒவ்வொரு மாதமும் ஆய்வு தொடர்கிறது என்ற உறுதிப்படுத்தல். கைடு கையெழுத்துப் போட்ட தாள் அலுவலக மேசையில் கிடந்தால் அந்த மாதப் பணம் வராது. உங்கள் ஆய்வு மையம் அரசு உதவிபெறும் கல்லூரியில் என்றால், மேக்கர் கல்லூரியிலேயே இருக்கிறாரா அல்லது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரா என்று சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். தாமதமான மாதங்கள் பின்னர் சேர்ந்து வரலாம், ஆனால் வீட்டு உரிமையாளர் வாடகைக்குக் காத்திருக்க மாட்டார். குறைந்தது நான்கு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

இரண்டாம் ஆண்டு முடியும்போது எஸ்.ஆர்.எஃப். தானாக வராது. கைடு, துறைத்தலைவர், வெளி நிபுணர் அடங்கிய குழுவின் முன் பணியைக் காட்ட வேண்டும். குழுவைக் கூட்டவே மாதங்கள் ஆகலாம் என்பதால், இருபத்திரண்டாம் மாதத்திலேயே நினைவூட்டல் கடிதம் கொடுங்கள்.

நடுவில் நிரந்தர வேலை கிடைத்தால், பணியேற்கும் நாளிலிருந்து ஃபெல்லோஷிப் வேண்டாம் என்று கைடு வழியாக எழுதிக்கொடுத்து, ஒப்புதல் முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுத்த பிறகும் ஓரிரு மாதம் பணம் வந்து விழுவதுண்டு. அதைத் தொடாமல் வைத்திருந்து, மேக்கர் சொல்லும் கணக்குக்குத் திருப்பி அனுப்பி ரசீது வாங்கிவிட்டால், பிஎச்.டி.யைப் பகுதிநேரமாக மாற்றிக்கொண்டு தொடர்வதில் சிக்கல் வராது.